கொல்லைப்புறத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

இது நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன அக்டோபரில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே பறவையின் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். ஒருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். இன்னொருத்தி என் நாத்தனார் மகள். அவள் வீட்டில் அது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்ததாம். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் ரத்தச் சிவப்பு, இறக்கையில் நீலம், கண்ணை மறைத்தாற்போல ஒரு கறுப்புப் பட்டை, வாலோ இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குக் குட்டை. "டீச்சர், யார் வீட்டுக் கிளியோ தப்பித்து வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார் தாம்பரத்துக்காரர்.

கிளி இல்லை. அதன் பெயர் ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டை விசில் அடிப்பதுபோலக் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. இரவில் பறந்து வந்து, களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் குழம்பி வீட்டுக்குள் விழுந்துவிடுவதும் உண்டு. ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, தெளிந்ததும் மரம் உள்ள இடத்தில் விட்டுவிட்டால் போதும். இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

நான் சொல்ல வந்தது அதன் இன்னொரு பெயரை. உலகம் முழுக்க ஆங்கிலத்திலும் லத்தீன் அறிவியல் பெயரிலும் இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு 'பிட்டா' என்றுதான் பெயர். ஆப்பிரிக்காவில் இருக்கிற இனமும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற இனமும் பிட்டாதான். ஆந்திராவில் மருமகள் எடுத்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தெலுங்கில் பிட்டா என்றால் சின்னப் பறவை, அவ்வளவுதான். நாம் 'குருவி' என்கிறோமே, அதுபோல.

அந்தச் சொல் எப்படி அங்கே போனது? சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் எட்வர்ட் பக்லி என்று கம்பெனி டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் கோட்டையைச் சுற்றி இருந்த 22 பறவைகளின் படங்களை லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினார். ஜான் ரே என்ற அறிஞர் இறந்த பிறகு, 1713-ல் வெளிவந்த அவருடைய பறவைகள் நூலின் பின்னிணைப்பாக அவை அச்சேறின. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான முதல் பட்டியல்களில் அது ஒன்று. அதில் இந்த வாலில்லாப் பறவைக்கு 'பொன்னுங்கி பிட்டா' என்று உள்ளூர்ப் பெயரை அப்படியே எழுதியிருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்து, 1816-ல், வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் பேரினப் பெயராக 'பிட்டா'வை எடுத்துக்கொண்டார். கோட்டை டாக்டர் கேட்டிருப்பார், "இது என்ன?" யாரோ ஒரு தெலுங்குக்காரர் பதில் சொல்லியிருப்பார். அந்த ஆள் யார், வேலைக்காரரா, பறவை பிடிக்கிறவரா என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் சொன்ன சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

கிணற்றடியிலும் மொட்டைமாடியிலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுமே, கறுப்பு வெள்ளை வாலாட்டிக்குருவி, அதன் லத்தீன் பெயரிலும் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ். தவிட்டு நிறப் புறாக்களில் சின்னதாக, சற்றுச் சிவந்ததாக ஒன்று உண்டு. அதன் பெயரில் தரங்கம்பாடி இருக்கிறது: டிராங்கேபாரிகா. தரங்கம்பாடிக்கு உங்களில் பலரை நான் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். டேனிஷ் கோட்டையைக் காட்டினேன், புளிச்சோறு சாப்பிட்டோம். 1768-ல் அங்கே மிஷன் டாக்டராக வந்து இறங்கிய கோனிக், லின்னேயஸிடமே பாடம் படித்தவர். நம் கரையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, 1779-ல் ஜெர்மன் மொழியில் கரையானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் அனுப்பிய பூச்சிகளை வைத்து ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் அறிஞர் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். நாம் வீட்டுக்கதவை அரிக்கிறது என்று மண்ணெண்ணெய் ஊற்றிய பிராணிக்கு அப்படி ஒரு வரலாறு.

ஆனால் இங்கே வராமலே எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதை கொஞ்சம் வேடிக்கையானது. நம் மைனாவுக்கு லின்னேயஸ் 1766-ல் பெயர் வைத்தபோது, அதைச் சொர்க்கப் பறவைகள் என்று சொல்லப்படும் நியூகினி பறவைகளோடு சேர்த்துவிட்டார். கூடவே 'டிரிஸ்டிஸ்' என்று ஒரு அடைமொழி. சோகமானது என்று பொருள். எங்கள் முருங்கை மரத்தில் நான்கு மைனாக்கள் இருக்கின்றன. அவை கத்தியும், காக்கையோடு சண்டை பிடித்தும், பூனையைத் திட்டியும் பார்த்திருக்கிறேன், சோகமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. பஞ்சு அடைத்த தோலைப் பார்த்துப் பெயர் வைத்தால் எதுதான் சோகமாகத் தெரியாது!

தையல்சிட்டையும் அப்படித்தான். 1769-ல் பென்னன்ட் என்ற ஆங்கிலேயர் அதை விவரித்தார். இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் வரையவைத்த படங்கள் அவருக்கு உதவின. அவற்றை வரைந்தவர் டி பெவெரே, இலங்கையிலேயே பிறந்த கலப்பினத்தவர். படம் சரியாக இருந்தது. ஆனால் பென்னன்ட் எழுதியதில் அந்தக் குருவி ஒரு காய்ந்த இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து பச்சை இலையோடு சேர்த்துத் தைக்கிறது! வாழை, கொய்யா, பாதாம் என்று ஏதாவது ஒன்று கொல்லையில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மரத்திலிருக்கிற பச்சை இலையின் ஓரங்களைத்தான் அது அலகால் துளைத்து, பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைக்கிறது. காய்ந்த இலையில் தைத்தால் உடைந்துபோகும் என்று குருவிக்குத் தெரியாதா? ஆளுநர் பெயர் இன்றைக்கும் 'லோட்டன் தேன்சிட்டு' என்று நம் செம்பருத்திச் செடிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நீண்டு வளைந்த அலகு உடைய அந்தக் கருநீலச் சிட்டு. வரைந்தவர் பெயரில் எங்கள் கொல்லையில் எதுவும் இல்லை.

இப்போது எறும்புக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் எறும்பும் வெட்டுக்கிளியும் கதை சொல்லியிருக்கிறேன். எறும்பு வெயிலில் உழைத்துத் தானியம் சேர்க்கும், வெட்டுக்கிளி பாடித் திரியும், கடைசியில் பட்டினி கிடக்கும். கிரேக்கத்து ஈசாப் கதை. பைபிளிலும் சாலமோன் எறும்பிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் இந்தக் கதையைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். வில்லியம் கூல்ட் என்ற பாதிரியார் 1747-ல் இங்கிலாந்து எறும்புகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எத்தனை புற்றைத் தோண்டினாலும் ஒரு மணி தானியம்கூட இல்லை. பிறகு வந்த லத்ரேய், ஹூபர் போன்ற பெரிய ஆட்களும் அதையே சொன்னார்கள். குளிர்நாட்டு எறும்பு பனிக்காலத்தில் மரத்துப்போய் முடங்கிக் கிடக்கும், அதற்குச் சேமிப்பு எதற்கு? அப்படியானால் பழங்காலத்தவர்கள் பார்த்தது என்ன? எறும்பு வாயில் கவ்விக்கொண்டு ஓடும் வெள்ளைக் கூட்டுப்புழுவைத்தான் அரிசி என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பாதி நியாயம் அவர்கள் பக்கமும் உண்டு. நாம் 'எறும்பு முட்டை' என்று சொல்வதில் பெரும்பாலானவை முட்டை இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும்தான். புறநானூற்றின் 173-வது பாடலில், பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு கையில் ஏந்தி வரும் பிள்ளைகளின் வரிசைக்கு, முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசையை உவமையாகச் சொல்லியிருக்கும். சத்துணவு வரிசையை ஒழுங்குபடுத்திய காலத்தில் அந்தப் பாட்டை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தப் புலவர் சும்மா சொல்லவில்லை, குனிந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் அறிஞர்களின் தீர்ப்பு நம் ஊர் வெயிலில் நிற்கவில்லை. 1829-ல் பூனாவில் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி காலை நடைக்குப் போனபோது, அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குவியல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி இருக்கும். புல் விதை. நூற்றுக்கணக்கான எறும்புகள் நிலத்தடியிலிருந்து அதை மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தன. பருவமழையில் களஞ்சியம் நனைந்திருக்க வேண்டும், முதல் வெயில் அடித்ததும் காயவைக்கின்றன என்று புரிந்துகொண்டார். நெல் நனைந்தால் என் பாட்டி முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டுவாள், அதே வேலை. அந்த எறும்புக்கு 'பிராவிடென்ஸ்' என்று பெயர் வைத்தார் சைக்ஸ், முன்யோசனை உள்ளது என்று அர்த்தம்.

அடுத்து ஜெர்டன். இவர் 1836-ல் மதராஸ் வந்த டாக்டர். நெல்லூரில் இருந்தபோது யானாதி மக்களிடம் பிராணிகளைப் பற்றியும் அவற்றின் பெயர்களைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னால் இவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூலில் (1862 முதல் 1864 வரை வந்தது) பறவைக்குப் பறவை தமிழ், தெலுங்குப் பெயர்களும் இருக்கும். 1851-ல் மதராஸ் பத்திரிகை ஒன்றில் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் எறும்பு விதை திருடுவதைப் பற்றிய குறிப்பு, படிக்கும்போதே ஒரு தோட்டக்காரரின் எரிச்சல் மாதிரி இருக்கும். கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி என்று எந்த விதையை விதைத்தாலும் தூக்கிக்கொண்டு போகிறதாம், தோட்டம் போடுகிற எல்லோருக்கும் இது தெரிந்ததுதானாம். லண்டன் அறிஞர்கள் அரை நூற்றாண்டாக மறுத்த விஷயம், இங்கே கீரைப் பாத்தி போட்ட எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம்.

கடைசியில் மாக்ரிட்ஜ் என்ற இளைஞர், உடம்பு சரியில்லாததால் குளிர்காலங்களை மத்தியதரைக்கடல் கரையில் கழித்தவர், அங்கே புற்றுகளைத் தோண்டி களஞ்சியங்களைக் கண்ணால் பார்த்து 1873-ல் புத்தகம் போட்டார். சைக்ஸ், ஜெர்டன் குறிப்புகளையும் அதில் எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷமே 32 வயதில் போய்ச் சேர்ந்தார், பாவம். ஈசாப்பும் சாலமோனும் வென்றார்கள். அவர்களும் வெயில் நாட்டுக்காரர்கள்தானே.

பேரப்பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைச் செய்து காட்டலாம். வெட்டவெளியில், மண் தரையில் எறும்புத் துளையைச் சுற்றி உமி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தானியம் சேர்க்கிற எறும்பு. உள்ளே உமியை நீக்கி, வெளியே கொட்டுகிறது. கொஞ்சம் கேழ்வரகு தூவிவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். செல்போன் வேண்டாம்.

ஜெர்டன் அதே கட்டுரையில் விவரித்த குதிக்கும் எறும்பு ஒன்று உண்டு. பெரிய கண், நீண்ட தாடை, எட்டிக் குதித்து இரை பிடிக்கும். 2010-ல் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்த முதல் எறும்புகளில் அதுவும் ஒன்று. காரணம் இதுதான்: ராணி இறந்துவிட்டால் சில வேலைக்கார எறும்புகள் முட்டையிடும் பதவிக்கு வந்துவிடும். வந்ததும் அவற்றின் ஆயுள் சுமார் ஏழு மாதத்திலிருந்து நான்கு வருஷம் வரை நீண்டுவிடுகிறது. முதுமையைப் பற்றி ஆராய்கிறவர்கள் அதை இன்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். நெல்லூர் டாக்டர் அதை எதிர்பார்த்து எழுதியிருக்க மாட்டார்.

ஜெர்டனுக்குப் பிறகு பம்பாய்ப் பக்கம் எய்ட்கின் என்று உப்பு, சுங்க இலாகா அதிகாரி ஒருவர். தன் பங்களாவைச் சுற்றியிருந்த எலி, தவளை, காக்கை, எறும்பு எல்லாவற்றையும் எல்லைப்புறத்துப் பழங்குடிகள் என்று கேலியாக எழுதி 1883-ல் புத்தகம் போட்டார். அதே வருஷம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எட்டுப் பேரில் அவர் ஒருவர். இந்திய டாக்டர்கள் இருவரும் அதில் உண்டு, ஆத்மாராம் பாண்டுரங்கும் சகாராம் அர்ஜுனும். எய்ட்கின் பெயர் கடைசியில் ஒரு கொசுவுக்கு வைக்கப்பட்டது.

கொசு என்றதும் சிரிக்காதீர்கள். கொல்லைப்புறப் பூச்சிக்குப் பெயர் தெரியாமல் போனதற்கு உயிரால் விலை கொடுத்த கதை அதுதான்.

ரொனால்ட் ராஸ், நம் நாட்டில் அல்மோராவில் பிறந்தவர், ராணுவ டாக்டர். மலேரியாவைக் கொசு பரப்புகிறதா என்று 1895-லிருந்து செகந்திராபாத்தில் தேடினார். வேர்க்க விறுவிறுக்க நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கில் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். இரண்டு வருஷம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன்? இந்தியக் கொசுக்களை இனம் பிரித்துக் காட்டும் புத்தகம் அவர் கையில் இல்லை. சாம்பல் கொசு, வரிக் கொசு என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். அவர் அறுத்ததெல்லாம் மனித மலேரியாவைச் சுமக்காத இனங்கள். 1897-ல் விடுமுறைக்கு ஊட்டி வந்தார். கீழே சீகூர்ப் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா வந்தது. அங்கேதான் சுவரில், இறக்கையில் புள்ளிகளோடு, வேறுமாதிரி உட்காரும் ஒரு கொசுவைக் கவனித்தார். தலை கீழே, பின்பக்கம் தூக்கியபடி, ஆணி அடித்தது போல. செகந்திராபாத் திரும்பியதும் அதே மாதிரிப் புள்ளி இறக்கைக் கொசுக்களைப் புழுவிலிருந்து வளர்த்து, ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்கவிட்டார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசு ஒன்றின் வயிற்றில் கிருமி தெரிந்தது. அந்தத் தேதியைத்தான் இன்று உலகக் கொசு நாள் என்கிறார்கள்.

மீதிக் கதையில் பறவை வருகிறது. ராஸைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அங்கே மனித மலேரியாவைத் தொடர முடியாமல், சிட்டுக்குருவிக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். அதைப் பரப்பியது எது தெரியுமா? செகந்திராபாத்தில் அவரை ஏமாற்றிய அதே சாம்பல் கொசு, நம் சாக்கடைக் கொசு. நோயுள்ள பறவையைக் கடித்த கொசுவின் எச்சில் சுரப்பியில் கிருமி இருப்பதை 1898 ஜூலையில் கண்டார். ஆரோக்கியமான குருவிகளை அவை கடித்ததும் குருவிகளுக்கு நோய் வந்தது. முழு வட்டமும் அப்போதுதான் புரிந்தது. 1902-ல் நோபல் பரிசு. ஹுசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள்.

அந்தப் பாடம் நமக்கு இன்றும் வீட்டு விஷயம். சாய்ந்து, பின்பக்கம் தூக்கி உட்கார்ந்தால் மலேரியா வகை, கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் முட்டையிடும். காலில் வெள்ளை வரி இருந்து, பகலில் கடித்தால் டெங்கு வகை, தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் போதும் அதற்கு. முதுகு வளைந்து, இரவில் கடிப்பது சாக்கடைக் கொசு, யானைக்கால் நோய் அதன் வேலை. 'கொசு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் எந்தத் தண்ணீரைக் கொட்டுவது என்றே தெரியாது.

என் தம்பி தன் வீட்டுக் கொல்லை முழுக்க சிமென்ட் பாவப்போகிறேன், பூச்சித் தொல்லை தாங்கவில்லை என்று போனில் சொன்னான். தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். சிமென்ட் போட்டால் கொசு குறையாது, பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் கூடத்தான் செய்யும். போவது தட்டானும், உமி வளைய எறும்பும், மண்ணைக் கிளறும் தவிட்டுக்குருவியும்தான். கிணற்றடியில் மட்டும் போட்டுக்கொள், முருங்கைக்குக் கீழே மண்ணாக விடு.

நம்மவர்களில் இப்படிப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதியவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். புலி, யானையோடு காக்கை, அணில், பல்லியையும் சமமாக மதித்தவர். தமிழிலும் எழுதியிருக்கிறார், நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஆறுமணிக்குருவியைச் சில ஊர்களில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? மாமரத்தில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டிக் கடிக்கும் சிவப்பு எறும்பு உங்களுக்கு முசுறா, செவ்வெறும்பா, வேறு பெயரா? பிள்ளைப்பூச்சிக்கு? வால்காக்கைக்கு? ஊர்ப் பெயரையும், அந்தச் சொல்லை யாரிடம் கேட்டீர்கள், அம்மாச்சியா, மாடு மேய்த்த தாத்தாவா என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். இதுவரை 63 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. சொன்னவர் பெயரும் பக்கத்தில் இருக்கும்.